பின்னச்சின் ஈரம்

அக்டோபர் 5, திங்கள்

காலை வழிபாட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது மகள் வண்டியை எடுத்துச் சென்றிருந்தாள். வண்டி நின்ற இடத்தில், பின்பகுதிக்கு நேர்கீழே, நட்டநடுவில் ஒரு கறை. உள்ளங்கையளவு இருக்கும். விரலால் தொட்டு முகர்ந்தேன். தேனைப்போன்ற கொழகொழப்பு, அழுகிய முட்டையைப்போன்ற கந்தக நெடி. என்ஜின் எண்ணெய்க்கு இந்த நாற்றம் கிடையாது.

எனக்கு முன்பே இருவர் கைமாறி, இருபத்தோராண்டு ஓடிய வண்டி. இப்போது அது மகளுக்குத்தான் கால். அவள் கால்நடை மருத்துவர்; மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள பண்ணைகளுக்கு நாள்தோறும் போகிறவள். முகட்டின் இருபுறமும் பதினொரு வளைவுகள். போகும்போதும் இறங்கவேண்டும், திரும்பும்போதும் இறங்கவேண்டும். அந்தச் சாலையில் உன்னைத் தாங்குவது நான்கு சக்கரங்களும் ஆண்டவனும் என்று சொல்வேன். "சக்கரத்துக்குக் காத்து நான் அடிச்சுக்கறேன்ப்பா, மத்தத நீங்க பாத்துக்கங்க" என்பாள்.

இன்று நூலைத் திறந்தும் இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை. மூக்கில் அந்த நெடியே நிற்கிறது.

அக்டோபர் 7, புதன்

வண்டியைப் பட்டறையில் விட்டோம். பட்டறைக்காரர் எங்கள் வழிபாட்டு மன்றத்தில் கடைசி வரிசையில் நிற்பவர். சுருதியோடு சேரமாட்டார், ஆனால் எல்லாரையும்விட உரக்கப் பாடுவார். ஒருமுறை, சற்றுத் தணித்துப் பாடலாமே என்றேன். "மேல வரைக்கும் கேக்கணும்ல ஐயா" என்றார்.

வண்டியை உயரத் தூக்கி, துணியால் துடைத்து, பூசணிக்காய் வடிவில் தொங்கிய ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினார். "இதாங்க டிஃபரன்ஷியல். என்ஜின் சுத்துறது இந்த நீளத் தண்டு வழியா இங்க வருது. இங்கருந்துதான் ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரியுது. வளைவுல வெளிச்சக்கரம் அதிகம் ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டுக்கும் சண்டை வராம இந்தப் பெட்டி பாத்துக்குது." பிறகு என்னைப் பார்த்து, "மாமியாரும் மருமகளும் இருக்குற வீட்டுக்கு ஒண்ணு மாட்டலாம்" என்று தானே சிரித்துக்கொண்டார்.

தண்டு பெட்டிக்குள் நுழையும் வாயில் வளையலளவில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. சீல் என்கிறார்கள். கசிவு அங்கேதான். நட்டைக் கழற்றுமுன் உளியால் அதன்மேலும் தண்டின்மேலும் ஒரே கோடாகக் கீறிவைத்தார். எவ்வளவு முறுக்கியிருந்ததோ அதே கோட்டில் திரும்ப நிற்கவேண்டுமாம். தவறினால் உள்ளே பேரிங் அழுமாம். நாற்பதாண்டு பழம்பாடல்களின் அச்சுப்படிகளைப் பிழைதிருத்தியவன் நான். அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 8, வியாழன்

தரை உலர்ந்திருக்கிறது. இறைவனுக்கு நன்றி.

அக்டோபர் 12, திங்கள்

மறுபடியும் கறை. அதே இடம். முன்னதைவிடப் பெரிது.

குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடியில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. எண்ணினேன், நான் நாற்பது எண்ணுவதற்குள் அடுத்தது. பழங்காலத்து நாழிகை வட்டிலில் நீர் சொட்டுவதைப்போல. ஆனால் வட்டில் நேரத்தைக் காட்டும். இது எதைக் காட்டுகிறது?

அக்டோபர் 13, செவ்வாய்

பட்டறைக்காரர் இரண்டாவதாக ஒரு சீல் போட்டார், தன் செலவிலேயே. இம்முறை சிரிக்கவில்லை. கழற்றிய வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல்ல குத்தம் இல்ல ஐயா. தண்டும் தேயல. வேற என்னமோ இருக்கு. ரெண்டு நாள் வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. பவுடர் தூவி, ஓட்டிப் பாத்து, எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிடறேன்."

செய்த வேலை நிற்கவில்லை என்றதும் வேறெதையோ கைகாட்டுகிறார். மழைக்குமுன் நானே அந்த வண்டியின் அடியில் படுத்து, துருவைச் சுரண்டி, ஆடியதை இறுக்கி, திறந்திருந்ததை அடைத்து, கறுப்புப் பூச்சும் பூசியிருக்கிறேன். அங்கே வேறென்ன இருக்கமுடியும்? மகளுக்கு நாளை பண்ணையில் தடுப்பூசி. விடமுடியாது என்று ஓட்டிவரச் செய்தேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

மன்றக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மன்றத்து நூலகர் கேட்டார்: வண்டி என்னாயிற்று? நான் சொன்னேன்: "இரண்டு முறை கைவைத்தார், இரண்டு முறையும் ஒழுகுகிறது. கைச்சுத்தம் இல்லாத பட்டறை." ஐந்தாறு பேர் அருகே இருந்தார்கள். தலையாட்டினார்கள். நான் சொன்னால் தலையாட்டுவார்கள்.

திரும்பினால், பட்டறைக்காரர் இரண்டு படி மேலே நிற்கிறார். கையில் குடை. எங்களைக் கடந்து இறங்கிப் போனார்.

வழியில் மனைவி: "நல்லா இருந்துச்சு. உள்ள ஒரு மணி நேரம் கருணையப் பத்திப் பேசுனீங்க. வெளிய வந்து செருப்பு மாட்டறதுக்குள்ள தீந்துபோச்சு."

உள்ளதைத்தானே சொன்னேன்? இன்று காலையும் கறை இருந்ததே.

அக்டோபர் 21, புதன்

மகள் சொல்கிறாள், ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்கிறதாம். பாலைவழியில் தனித்த புறாவின் குரலைப் புலவர்கள் சொல்வார்களே, அப்படி என்று நான் கேட்டேன். "இல்லப்பா. வயிறு உப்பின மாடு மாதிரி" என்றாள்.

எண்ணெய் குறைந்தால் பற்சக்கரங்கள் அழும் என்று கையேட்டில் உள்ளது. அந்தப் பட்டறைக்கு இனிப் போவதற்கில்லை. கியர் ஆயில் ஒரு டப்பா வாங்கிவைத்திருந்தேன். அவள் வந்து நிறுத்தியவுடன், வண்டி சூடாக இருக்கும்போதே, ஜாக்கியால் தூக்கி, கட்டை கொடுத்து, அடியில் புகுந்தேன். மனைவி விளக்குப் பிடித்தாள். பிடித்தபடியே, "எழுபத்து மூணு வயசுல வண்டிக்கடியில மல்லாக்கப் படுக்கறீங்க. சாமி முன்னாடி முட்டி வலிக்குதுன்னு நாற்காலி கேக்கறீங்க" என்றாள்.

எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திருகினேன். கடைசிச் சுற்றில் 'புஸ்'ஸென்று ஒரு சீற்றம். என் சட்டைக்கை முழுதும் எண்ணெய் தெறித்தது. உள்ளே ஏதோ இத்தனை நாள் மூச்சை அடக்கிக் கிடந்ததுபோல. மனைவி விளக்கோடு பின்வாங்கினாள். நான் முரட்டுத்தனமாகத் திருகியதால் இருக்கும் என்றேன். துளையின் விளிம்புவரை ஊற்றி, மூடினேன்.

எளிய வேலைதான். இதற்கா இத்தனை சொற்கள்.

அக்டோபர் 24, சனி

முனகல் நின்றுவிட்டது. நானே எண்ணெய் ஊற்றிச் சரிசெய்ததாக இருவரிடம் சொன்னேன்.

அக்டோபர் 27, செவ்வாய்

மகள் இன்று தானாகவே பேச்செடுத்தாள். பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதாம். கீழே இறங்கி நின்றால் தீய்ந்த வாடை வருகிறதாம். புது எண்ணெய் சூட்டில் பழகும்வரை வாடை இருக்கும் என்றேன்.

"எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"எல்லாம் புத்தகத்திலா இருக்கிறது?"

"வண்டியப் பத்திக் கேட்டாலும் உபதேசம் மாதிரியே வருதுப்பா உங்க வாயில" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணம் வந்தது, போயிற்று.

அக்டோபர் 28, புதன்

மனைவி கடைவீதியில் பட்டறைக்காரரைப் பார்த்திருக்கிறாள். அவரே நிறுத்திப் பேசினாராம். "வண்டிய எங்கிட்ட கொண்டுவர வேணாம்மா. பின்சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க. ஈரம் இருந்தா இறக்கத்துல விடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னாராம்.

வாடிக்கை நழுவியவர் விரிக்கும் வலை என்றேன். மனைவி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் பேசாமலிருப்பது இந்த வீட்டில் நல்ல அடையாளம் அன்று.

காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 29, வியாழன். காலை

வழிபாட்டில் மனம் நிற்கவில்லை. எழுந்து வெளியே போனேன். மகள் போய்விட்டாள். விடியுமுன்பே அழைப்பு வந்ததாம். ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நிற்கிறதாம்.

வண்டி நின்ற இடத்தில் நடுக்கறை சிறுத்திருந்தது. ஆனால் இடப்பக்கம், சக்கரம் நிற்கும் இடத்தில், புதிதாக ஒன்று. வலப்பக்கமும் ஒன்று. அதே நெடி.

நேற்றே குனிந்து பார்த்திருக்கலாமே. ஒரு நிமிஷ வேலை. குனிய என்ன வந்தது எனக்கு?

தொலைபேசி எடுக்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் எடுக்காது. போகும்போது இறக்கம் தாண்டியிருப்பாள், தாண்டித்தான் இருப்பாள். வரும்போது? பண்ணைக்காரர் எண் யாரிடம் இருக்கிறது? அவளிடம்தான் இருக்கிறது.

போகவேண்டும். யாரிடம் போவது என்று எனக்குத் தெரியும். கால்தான் எழவில்லை.

அதே நாள், மாலை

மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து எழுதுகிறேன். உயிர் இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். உயிர் இருக்கிறது.

பட்டறைக்கு நடந்தே போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, "சக்கரம் ரெண்டும் ஈரம்" என்றேன். அவர் கையைக் கழுவக்கூட இல்லை; துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எத்தன மணிக்குக் கெளம்புனாங்க?" அது ஒன்றுதான் கேட்டார்.

அவருடைய வேனில் போனோம். முகடு ஏறும்வரை அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் மனத்துக்குள் பாடத் தொடங்கிய பாடல்களில் ஒன்றுகூட இரண்டாம் அடிக்குப் போகவில்லை. அறுபதாண்டு மனப்பாடம். எங்கே போயிற்று?

முகட்டில் ஆளில்லை. அப்பாற்பக்கம் இறங்கினோம். ஏழாவது வளைவில் கூட்டம்.

போகும்போதே நேர்ந்திருக்கிறது. ஐந்தாம் வளைவில் பிரேக் மிதி மெத்தென்று ஆனதாம்; ஆறில் தரையைத் தொட்டதாம். ஏழில், பள்ளத்துப் பக்கம் போகாமல், சாலைப்பணிக்குக் கொட்டியிருந்த சல்லிக்குவியலில் வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறாள். வழிப்போக்கர்கள் அவளை வெளியே எடுத்துச் சாலையோரம் உட்காரவைத்திருந்தார்கள். வலத்தோள் தொங்கிற்று. நெற்றியில் ரத்தம். என்னைக் கண்டதும், "அப்பா, அந்த மாட்டுக்கு வேற டாக்டர அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

காறையெலும்பு முறிவு. ஆறு வாரம்.

நான்தான்... எழுத வரவில்லை.

அக்டோபர் 31, சனி

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்துவிட்டார்கள். மகள் கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, பார்த்தே தீருவேன் என்று வந்தாள்.

பின்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினார். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூக்கள் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தன. இருபக்கமும் அப்படியே. "பின்னாடி ரெண்டும் பிடிக்கவே இல்லம்மா. முன்னாடி ரெண்டும் தனியா பாரத்தத் தாங்கிச்சு. இறக்கத்துல சூடேறிக் கைவிட்டிருச்சு."

பிறகு என்பக்கம் திரும்பினார். "ஐயா, எண்ணெய் ஊத்த மூடியத் திறந்தீங்களே. அப்ப புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சா?"

"வந்தது."

அவர் எழுந்து, கையை அச்சின் மேற்புறத்துக்குக் கொண்டுபோய், கண்ணால் பாராமல் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. விளக்கைக் கேட்டார். சுண்டுவிரல் நுனியளவில் காளான்போல ஒரு சிறு மூடி. அதைச் சுற்றிலும் சாம்பல்நிறப் பசை, கல்லாக இறுகி, மேலே கறுப்புப் பூச்சு.

"இது ஆடணும்மா" என்று மகளிடம் சொன்னார். "தொட்டா சுத்தணும். பிரீதர்னு சொல்லுவோம். வண்டி ஓடினா பெட்டி சூடாகும், உள்ள காத்து விரியும். அது வெளிய போற மூக்கு இதான். மூக்க அடச்சா, காத்து எண்ணெயத் தள்ளும். மொதல்ல நடுவுல தள்ளுச்சு. நான் புதுசு புதுசா சீல் போட்டு நடுவ இறுக்க இறுக்க, ரெண்டு ஓரத்துலயும் தள்ளிடுச்சு. மூக்கப் பாக்காம விட்டேன் பாருங்க, அது என் தப்பு."

"யாரு அடச்சது இத?" என்று மகள் கேட்டாள்.

எனக்குத் தெரியும். மழைக்கு முந்திய வாரம். அந்த மூடி விரல் பட்டதும் கடகடவென்று ஆடியது. பாட்டில் தளை தட்டும் இடத்தைக் கண்டால் என் கை எப்போதும் சும்மா இருந்ததில்லை. இரண்டு களிம்புகளைப் பிசைந்து, ஆடாதபடி, நீர் புகாதபடி, அழகாக அடைத்தேன். செய்து முடித்து அதைப் பார்த்து மகிழ்ந்தேன்கூட.

பட்டறைக்காரர் என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய வேலைங்கம்மா. உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

மகள் பிழைத்ததற்கு நன்றிவழிபாட்டை நானே நடத்தவேண்டும் என்று மன்றத்தில் கேட்டார்கள். நடத்தினேன். குரல் பிசகவில்லை. கடைசி வரிசையில் உரத்த குரல் இல்லை. இரண்டு வாரமாக இல்லையாம். இன்று பாட்டு மிகவும் சுருதி சுத்தமாக இருந்ததாக நூலகர் பாராட்டினார்.

நவம்பர் 4, புதன்

மனைவி காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல்: "அந்தப் பசை டப்பா இன்னும் படிக்கட்டுக்கு அடியிலதான் இருக்கு. நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் பட்டறையில் கண்டதைச் சொன்ன அன்றிலிருந்தே.

நவம்பர் 6, வெள்ளி

மகள் அடுத்த அறையில் தூங்குகிறாள். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் முனகுகிறாள். எழுந்து போய்ச் சொல்ல இருபது அடி. ஞாயிறன்று அவையில் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். பழி கூறிய இடத்தில்தானே அது கழியவேண்டும்? சொற்களை அடுக்கி வைத்துவிட்டேன்.

நவம்பர் 8, ஞாயிறு

சொன்னேன். எழுந்து நின்று, முழுதும் சொன்னேன். மூச்சுவிடும் வழியை அடைத்தது என் கை. அதற்குப் பிறர் கையைக் குறை சொன்னது என் நாக்கு. எச்சரித்தவரின் சொல்லைத் தள்ளியது என் செருக்கு என்றேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். முடிவில் ஒருவர், இதுபோல் ஒரு சொற்பொழிவு இந்த மன்றத்தில் கேட்டதில்லை என்றார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன்.

யாருக்காகப் பேசினேனோ அவர் வரவில்லை.

மகள் வந்திருந்தாள். தாயின் பக்கத்தில், கழுத்துத் தூளியில் கையோடு. வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னாள்: "அத்தன பேருக்குச் சொல்ல முடிஞ்சுது. எனக்கு மொதல்ல சொல்லத் தோணலயாப்பா?"

உடைந்தது அவள் எலும்பு. இருபது அடி தொலைவில் படுத்திருந்தாள். நான் அவையைத் தேடிப் போனேன்.

நவம்பர் 9, திங்கள்

பட்டறையில் வேறு வண்டி ஒன்றுகூட இல்லை. எங்களுடையது மட்டும்.

"கேள்விப்பட்டேன் ஐயா. நாலு பேர் வந்து சொன்னாங்க. பிரமாதமா இருந்துச்சாமே."

"மன்னிக்கவேண்டும்" என்றேன். அடைமொழி இல்லாமல், அதை மட்டும்.

அவர் சிறிதுநேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன் பாருங்க, அது உங்களுக்காக இல்ல. அந்தப் பொண்ணு அந்த வலியில அப்பனயும் சேத்து இழக்க வேணாம்னு." பிறகு வேலைக்குத் திரும்பினார். மூன்று சீல்களும் புதிது. ஷூ புதிது. காளான் மூடி புதிது. விரலால் தட்டிக் காட்டினார், சுற்றியது. நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபிறகே தருவாராம். "அவசரம்னு சொல்லமாட்டீங்களே?"

இல்லை என்றேன்.

டிசம்பர் 14, திங்கள்

எலும்பு கூடிவிட்டது. இன்று அவள் வேலைக்குத் திரும்பும் நாள். சாவியை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்களும் வாங்க. நீங்க பாத்துவிட்ட வண்டியில நான் தனியாப் போனேன். இது அவர் பாத்துவிட்ட வண்டி. பக்கத்துல உக்காருங்க."

அவள் தாய் என் மேல்துண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

முகட்டில் நிறுத்தினாள். பிரேக்கை இரண்டுமுறை மிதித்துப் பார்த்தாள். கீழே சாலை வளைந்து வளைந்து பனிக்குள் போயிற்று. "இறங்கலாமா?" என்று கேட்டாள். வாழ்நாள் முழுதும் யார் எதைக் கேட்டாலும் விடை வைத்திருந்தவன் நான். மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காத்திருக்கவும் இல்லை, இறங்கினாள்.

முதல் வளைவு. இரண்டாவது. பாடல் எதுவும் மனத்தில் வரவில்லை; வரவழைக்கவும் முயலவில்லை. ஆறாவதில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏழாவதில் என் வலக்கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. அந்தப் பக்கத்தில் மிதி கிடையாது.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்து, எட்டாவது வளைவுக்குள் மெதுவாகத் திருப்பினாள்.